மும்பைத் தமிழர் குடியிருப்புகள்: மொழியும் சாதியும்

வேற்று மொழி நிலத்தில் குடியேறுவோர் தம் மொழியினர் வாழும் பகுதியையே பாதுகாப்பானதாகக் கருதித் தேர்வர் என்பது பொதுக்கருத்து. மும்பைத் தமிழர் வரலாற்றை நோக்குமிடத்து, அத்தேர்வை மொழி மட்டும் தீர்மானிக்கவில்லை என்பது புலனாகிறது.

1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயை அடுத்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பெற்றது. அது திட்டமிட்டு உருவாக்கிய மாட்டுங்காப் பகுதியில், அலுவலகப் பணிகளுக்கு வந்த தமிழ்ப் பிராமணர் பெருமளவில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. இருப்புப்பாதையின் மறுபுறமுள்ள தாராவியிலோ திருநெல்வேலிப் பகுதி ஆதிதிராவிடரும், தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்த தமிழ் முஸ்லிம்களும் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் குடிசை அமைத்தனர். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் எழவே, அருகிலுள்ள செம்பூர் நடுத்தர வகுப்பினரை ஈர்த்தது.

1966இல் தோன்றிய சிவசேனையின் தென்னிந்தியர் எதிர்ப்பில் உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. எதிர்த்தோர் சாதி பாராது யாவரையும் 'மதராசி' என்றே சுட்டினர். தமிழர்தம் குடியிருப்புகளோ அதன் பின்னரும் பிரிந்தே இருந்தன. தாராவித் தமிழருக்கு மாட்டுங்கா அண்மையில் இருந்தும் புகலிடமாகவில்லை. எனவே 'தமிழர் பகுதி' என்னும் வழக்கை ஆய்வாளர் சாதி, வகுப்பு வேறுபாடுகளோடு இணைத்தே பொருள் கொள்ளுதல் வேண்டும்.