தோட்டா உறையைக் காய்ச்சி ஆற்றுதல்

தோட்டா உறையைக் காய்ச்சி ஆற்றுதல் என்பது, சுடப்பட்ட பித்தளைத் தோட்டா உறையின் மேற்பகுதியைச் சூடாக்கி மீண்டும் மென்மையாக்கும் செயன்முறை ஆகும். இது ஆங்கிலத்தில் அனீலிங் எனப்படும். வெற்று உறையில் புதிய எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை இட்டு மீண்டும் பயன்படுத்துவோர் இதனைச் செய்கின்றனர்.

காரணம்

தோட்டா உறைகள் பொதுவாக 70% செப்பும் 30% துத்தநாகமும் கொண்ட பித்தளையால் ஆனவை. குண்டைப் பற்றியிருக்கும் பகுதி கழுத்து எனவும், அதன் கீழுள்ள சரிவு தோள் எனவும் அழைக்கப்படுகின்றன. சுடும்போது கழுத்து விரிகிறது. மீண்டும் நிரப்புமுன் அது அச்சில் நெருக்கப்படுகிறது. இவ்வாறு மாறிமாறி உருமாறுவதால் பித்தளை கடினமாகி, இறுதியில் கழுத்தில் வெடிப்பு உண்டாகிறது. போதிய அளவு சூடாக்கினால் உலோகத்தில் புதிய படிகங்கள் உருவாகி மென்மை திரும்புகிறது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைகளின் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் சேமிப்பில் இருக்கும்போதே வெடித்தன. இது பருவ வெடிப்பு எனப் பெயர் பெற்றது. 1921ஆம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, உறையில் எஞ்சியிருந்த உள் தகைவுடன் சேர்ந்து உலோகத்தைப் பிளந்தது. உறைகளைக் காய்ச்சி ஆற்றித் தகைவை நீக்குவது இதற்குத் தீர்வாயிற்று. இன்றும் பல இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் இச்சூட்டின் நிறத்தடத்தைக் காணலாம்.

எச்சரிக்கை

உறையின் அடிப்பகுதியை ஒருபோதும் மென்மையாக்கக் கூடாது. துப்பாக்கி அறையில் ஏறத்தாழ 4,000 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் எழக்கூடும். மென்மையான அடிப்பகுதி அதைத் தாங்காமல் விரிந்தால், சூடான வாயு சுடுபவரை நோக்கிப் பீறிடலாம். எனவே வெப்பம் கீழே பரவுமுன் சூடாக்குவதை நிறுத்த வேண்டும். அடி மென்மையாகிவிட்ட உறையை மீண்டும் சூடாக்கிச் சரிசெய்ய இயலாது. எஃகைப் போலன்றி, பித்தளை நீரில் அமிழ்த்துவதால் கடினமாவதில்லை. நீர் வெப்பம் பரவுவதை மட்டுமே தடுக்கிறது.

பயன்

கழுத்து வெடிப்பினால் உறைகளை இழப்போருக்கு இச்செயன்முறை பயனுள்ளது. எல்லா உறைகளின் கழுத்தும் குண்டை ஒரே அளவில் பற்றுவதற்கும் இது உதவுகிறது. ஆயினும் குறி துல்லியம் வெடிமருந்தின் அளவு, குழல், சுடுபவர் முதலியவற்றையும் சார்ந்தது. மிகை அழுத்தத்தால் எரியூட்டிக் குழி தளர்ந்த உறையின் ஆயுளை இது நீட்டாது. ஓரிருமுறை பயன்படுத்தி எறியப்படும் உறைகளுக்கு இது தேவையற்றது. சீரற்ற முறையில் சூடாக்குவதைவிடச் சூடாக்காமல் விடுவதே பாதுகாப்பானது.