இசைத்தட்டில் எழுதப்பெற்ற வரலாறு

ஏடும் கல்வெட்டும் கைவிட்ட செய்தியை ஊர்ப்பெயரும் பாட்டும் காத்துவைத்தல் உண்டு. சாவகச்சேரி என்னும் பெயரிற் சாவகர் குடியிருப்பின் நினைவு தங்கியுள்ளதென ஆய்வாளர் சிலர் கொள்வர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய யமேக்காவில் இக்கடமையைப் பெரிதும் ஏற்றது பாட்டே. ஆங்குத் தோன்றிய ரெகே இசையுள், ஆபிரிக்க மூலத்தையும் அடிமை வாழ்வையும் பொருளாகக் கொண்ட பிரிவை ‘வேர் ரெகே’ எனலாம். அப்பிரிவின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்று, 1975ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த ‘மார்க்கஸ் கார்வி’ என்னும் இசைத்தட்டு.

பாடியவர் வின்ஸ்டன் றொட்னி. ‘பேர்ணிங் ஸ்பியர்’, அஃதாவது எரியும் ஈட்டி, என்பது அவர் பூண்ட பெயர். கெனியாவின் விடுதலைத் தலைவர் யோமோ கென்யாட்டாவுக்கு வழங்கிய சிறப்புப்பெயரினின்று எடுக்கப்பட்டது. றொட்னியும் கார்வியும் செயின்ற் ஆன்ஸ் பே என்னும் ஒரே கரையூரினர். கார்வி (1887–1940) 1914இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கெனச் சங்கம் நிறுவி, பின்னர் நியூயோர்க்கிலிருந்து அதனைப் பேரியக்கமாக வளர்த்தவர். 1919இல் கப்பற் கழகமும் தொடங்கியவர். அமெரிக்காவிற் சிறைப்பட்டு, 1927இல் நாடு கடத்தப்பெற்று, இலண்டனில் இறந்தார். 1964இல் அவருடல் தாயகம் கொணரப்பெற்றது. யமேக்காவின் முதலாவது தேசிய வீரர் என்னும் சிறப்பும் அவரைச் சேர்ந்தது.

அரசு இவ்வாறு போற்றிப் பதினோராண்டு கழிந்த பின்னும், கார்வியை நினைப்பார் இலர் என்பதே றொட்னியின் முறைப்பாடு. நினைவுச்சின்னத்தால் அமைதியுறாத நெஞ்சமொன்று இத்தட்டில் ஒலிக்கின்றது. அடிமைக்காலம் பற்றிய பாட்டிலோ செய்தி கூற்றாக வருவதிலும் வினாவாக வருவதே மிகுதி. கேட்போர் விடையிறுக்கக் கடமைப்பட்டவராகின்றனர். அவ்வினா யாழ்ப்பாணத்தார்க்கும் அயலதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய தனிப்பகுதி உண்டு. யமேக்காவில் 1834இற் சட்டத்தால் விலக்கப்பெற்று 1838இல் முற்றாக நீங்கிய அடிமைமுறை, அதே பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட இலங்கையில் 1844 வரை சட்டத்தில் நின்றது. யாழ்ப்பாண மன்னர் பெயர்களை வரிசை பிறழாது ஒப்புவிக்கும் மாணவரும் தேசவழமையின் அப்பகுதியைப் புரட்டிப் பார்த்தல் அரிது.

றொட்னியின் குரலில் இனிமையினும் ஓதுவாரது அழுத்தமே மிகுதி. சொற்கள் சில; அவையே மீள மீள வருகின்றன. இதனைக் குறையென்பார் உளர். ஒப்பாரியின் வலிமை எதிலுள்ளதென அறிந்தோர் அவ்வாறு கூறார். குரலைத் தாங்கி நிற்பன நிதானமான முழவும் ஆழ்ந்த பேஸ் கித்தாரும். இடையிடையே எழும் எக்காளங்கள் கட்டியங்கூறுவன போலும்.

கிங்ஸ்ரனிற் பதிவான இவ்வொலி இலண்டன் நிறுவனத்தின் கையில் மாறுதலுற்றது. அயலார் செவிக்கேற்ப அது மென்மையாக்கப்பட்டது; சில பாட்டுகளின் விரைவும் மாற்றப்பட்டது. மனங்கசந்த றொட்னி தமக்கென வெளியீட்டகம் ஒன்று தொடங்கினார். சான்றைப் பதிப்பிப்போர் திருத்தவுஞ் செய்யலாமோ என்னும் வழக்கு வரலாற்று மாணவர்க்குப் புதிதன்று.

1976இல் இதே பாட்டுகள் ‘கார்வியின் ஆவி’ என்னும் பொருள்படும் பெயருடன் மறுவடிவம் பெற்றன. அதிற் குரல் பெரும்பாலும் அகற்றப்பட்டது. முழவும் கித்தாரும் எதிரொலியுமே எஞ்ச, எப்போதாவது ஒரு சொல் தோன்றி மறைகின்றது.