அசமன்பாட்டு வார்த்தைக் கணக்கு

'குறையாமல்', 'மிகாமல்', 'குறைந்தது', 'அதிகபட்சம்' என்று வரம்பு கட்டி வரும் அன்றாடச் சிக்கலை ஒருபடி அசமன்பாடாக எழுதித் தீர்ப்பது அசமன்பாட்டு வார்த்தைக் கணக்கு. பள்ளி இயற்கணிதத்தின் ஒரு பகுதி இது. ஒருபடிச் சமன்பாட்டுக்கு விடை பெரும்பாலும் ஓர் எண்தான். இங்கே ஓர் எண் கூட்டமே விடையாகிறது.

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் நெசவாளர் பகுதியான செல்லூரை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: தறி ஓட்டும் ஒருவர் கையில் 700 ரூபாய் இருக்கிறது. நாள் கூலி 450 ரூபாய். சித்திரைத் திருவிழாவுக்கு 5,000 ரூபாய்க்குக் குறையாமல் சேர வேண்டும். இடையில் செலவே இல்லை என்று கொள்வோம் (கணக்குப் புத்தகத்தில் மட்டும் நடக்கக்கூடியது). வேலை நாள் 'ந' எனில் 450ந + 700 ≥ 5000. அதாவது ந ≥ 9.55…, அரை நாளுக்குக் கூலி கிடையாது என்றால் குறைந்தது 10 நாள் தறியில் உட்கார வேண்டும்.

தமிழில் வார்த்தைக் கணக்குக்கு நீண்ட மரபு உண்டு. அதில் நன்கு பதிவானது சுவடிக் கணக்கு நூல்களின் காலம். அந்நூல்களில் முதன்மையானது காரிநாயனார் பெயரில் வழங்கும் 'கணக்கதிகாரம்'. அதன் காலத்தில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களும் வழங்கியுள்ளன. நிலம், பொன், நெல், அரிசி என்று பொருள்வாரியாகக் கணக்குகளைச் செய்யுளில் சொல்வது இதன் முறை. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகிய வாய்பாடுகளை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்த பிறகே இத்தகைய கணக்குகளுக்கு வந்தார்கள்.

இவற்றில் பலாப்பழக் கணக்கைச் சொல்லாமல் போக முடியாது. பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி அது: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 55 என்றால் சுளை 66. முள் 57 என்றால்? 68.4. இன்றைய மாணவர் இங்கே திகைப்பார். பழைய கணக்கருக்குத் திகைப்பு இருந்திருக்காது. மா என்றால் இருபதில் ஒன்று என்பதால் '68 சுளையும் எட்டு மாவும்' என்று சொல்லி முடித்துவிடலாம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; கீழ்முந்திரி 1,02,400இல் ஒரு பங்கு. மிச்சத்துக்கெல்லாம் இப்படிப் பெயர் இருந்ததால்தானோ என்னவோ, இந்தக் கணக்குகள் ஒரே விடையில் முடிகின்றன. வரம்பை விடையாகக் கேட்கும் வழக்கம் இம்மரபில் இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. நடைமுறை வாழ்வில் 'இதற்குக் குறையாமல்' என்ற பேச்சு எப்போதும் இருந்திருக்கும் என்பது வேறு.

ஐரோப்பாவில் '<', '>' குறிகள் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டு கழித்து, 1631இல் வெளியான அவரது நூலில் அச்சேறின. அவர் கையெழுத்துப் படிகளில் குறிகளின் வடிவம் வேறு என்பதால், அச்சு வடிவம் பதிப்பித்தவர்களுடையதாக இருக்கலாம் என்பர். '≤', '≥' வகைக் குறிகளை 1734இல் பியர் பூகே பயன்படுத்தினார்.

1820களில் கணித அறிஞர் ஃபூரியே அசமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க ஒரு வழி கண்டார்; 1936இல் மோட்ஸ்கின் அதே வழியை மீண்டும் கண்டார். 1945இல் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் கேட்டது அசல் சமையலறைக் கணக்கு: 77 உணவுப் பொருள்களில் எவற்றை எவ்வளவு வாங்கினால், 9 சத்துகளும் தேவைக்குக் குறையாமல், ஆண்டுச் செலவு மிகக் குறைவாக இருக்கும்? தோராய முறையில் அவர் கண்ட விடை 39.93 டாலர். 1947இல் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் ஜார்ஜ் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையால் 39.69 டாலர் வந்தது. 24 சென்ட் குறைக்க மேசைக் கணிப்பான்களோடு ஒன்பது பேர் உழைத்தார்கள். மொத்தம் சுமார் 120 ஆள் நாள். குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984இல் இத்தகைய கணக்குகளுக்கு வேறொரு விரைவான வழியைக் காட்டினார்.

இந்தியாவில் 1957இல் தசமக் காசும் அடுத்த ஆண்டு முதல் மெட்ரிக் அளவுகளும் வந்தபின், அணா, பை, மரக்கால் கணக்குகள் பாடநூல்களிலிருந்து மெல்ல விலகின. என்சிஇஆர்டி பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் அசமன்பாட்டுப் பாடம் 200 ரூபாயோடு அரிசி வாங்கப் போகும் ரவியில் தொடங்கியது. ஒரு கிலோ பொட்டலம் 30 ரூபாய். 30ப < 200, ஆகவே ப < 6.66…, அதிகபட்சம் 6 பொட்டலம். செல்லூர்க் கணக்கில் பின்னம் மேலே ஏறியது, இங்கே கீழே இறங்குகிறது. எந்தப் பக்கம் நகர்வது என்பதைக் குறி சொல்லும்; முழு எண்தான் வேண்டும் என்பதைக் கதைதான் சொல்லும். குறை எண்ணால் இருபுறமும் வகுக்கும்போது குறியைத் திருப்ப மறப்பதும் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

தமிழ்நாட்டில் மேல்நிலை வணிகக் கணித மாணவர்கள் இரண்டு மாறிகள் கொண்ட இத்தகைய கணக்குகளை வரைபடம் போட்டுத் தீர்க்கிறார்கள்.