கம்ப்ரஷன் சோதனை

கம்ப்ரஷன் சோதனை என்பது, பழைய காரை வாங்குமுன் அதன் எஞ்சினைப் பிரிக்காமலேயே, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்தத்துக்கு இறுக்குகிறது என அளந்து, உட்புறத் தேய்மானத்தை மதிப்பிடும் முறையாகும். பெட்ரோல் எஞ்சினில், எரிபொருள் வரத்தையும் தீப்பொறியையும் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுவர். அளவு பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 180 பவுண்டு வரை இருக்கும்; எனினும் சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடே முதன்மையாகக் கவனிக்கப்படுகிறது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அளவு உயர்ந்தால், பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக அமையும் ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்துள்ளன என்றும், உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு உள்ளது என்றும் கொள்ளப்படும்.