கிரகண மூளி



உதடு பிளந்து பிறக்கும் குழந்தையை நம் கத்திவாக்கத்துப் பெரியவர்கள் ‘கிரகண மூளி’ என்பார்கள். கர்ப்பிணி கிரகண நேரத்தில் எதையோ நறுக்கிவிட்டாளாம். பழி முழுக்கத் தாய்க்குத்தான். அப்பனை யாரும் கேட்டதில்லை.

1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கர்நாடகம், ஆந்திரம், ஒரிசாவில் முழு கிரகணம். நமக்குப் பகுதிதான், ஆனாலும் தெருவில் ஆள் நடமாட்டமில்லை. அன்று மீன் அரிந்தாள் என்று ஒரு மீன்காரப் பெண்ணின் மேல் பழி விழுந்தது. சித்திரையில் அவளுக்குப் பெண் குழந்தை, மேலுதடும் அண்ணமும் பிளந்து.

கணக்கைப் பாருங்கள். சித்திரையில் பிறந்தால் முந்தைய ஆடியில் கருவாகியிருக்கும். மேலுதடு கூடுவது ஏழு வாரத்துக்குள், அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள். 1979 தீபாவளி வாக்கில் முடிந்துபோன வேலையை மாசி மாதக் கிரகணம் எப்படிக் கெடுக்கும்? உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. பரம்பரை, சத்துக்குறைவு, சில மருந்துகள் என்று காரணங்கள் உண்டு. பல நேரம் இன்னதென்றே சொல்ல முடியாது.

அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் சப்பிக் குடிக்க முடியாது, பால் மூக்கு வழியே வந்துவிடும். நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். (நம் பாட்டிமார் பாலாடை இன்றும் பச்சிளங்குழந்தை வார்டுகளில் இருக்கிறது.) அவள் மாதக்கணக்கில் ஊற்றினாள். பிறகு ரயிலேறி ஸ்டான்லி, அதாவது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதற்கு வேர். உதட்டுக்கு ஒன்று, அண்ணத்துக்கு ஒன்று என இரண்டு ஆபரேஷன்.

1988இல் அந்தப் பெண் மூன்றாம் வகுப்புக்கு என்னிடம் வந்தாள். உதட்டில் தழும்பு, மூக்கால் வரும் பேச்சு. பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லது செய்வதாக நினைத்து, அவளை எழுப்பிப் படிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கூடையோடு அம்மா வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, எல்லாப் புள்ளையும் எந்திரிச்சுப் படிக்குது. எம்பொண்ண மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டீங்க?”

“மத்த பசங்க சிரிக்குதுங்கம்மா.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும். வாயத் தெச்சுக்கினு வந்தது பேசறதுக்குத்தான?”

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் முதல் ஆளாக அவளை எழுப்பினேன். வகுப்பு சிரித்தது. அவள் நிறுத்தவில்லை, பாடம் முடியும்வரை படித்தாள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இப்போது, 2013இல் வந்த சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழுவே வந்து பார்க்கிறது, உதட்டுப் பிளவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆபரேஷன் இலவசம். ஆனால் 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கத்தியைத் தொடவிடவில்லை. அவள் மாமியாரிடம் இதே ஆடி, தீபாவளிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கத்தியை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.