கோயில் வாசலைத் தாண்டிய பிறகு: வழிபாட்டு உரிமையைச் சட்டம் அளக்கும் விதம்

சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு வழிபடச் சென்றவர்களுள் மிகவும் புகழ்பெற்றவர், உள்ளே நுழைவதற்கு நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவர் மட்டும் வெளியே நின்றார். போகலாம் போகலாம் என்று நாள் தள்ளியதால் 'திருநாளைப்போவார்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. தில்லைக்கு வந்தும் மதிலைச் சுற்றித்தான் நடந்தார். கடைசியில் தெற்கு மதிலுக்கு வெளியே மூட்டிய தீயில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே அவருக்குக் கதவு திறந்தது.

சட்டம் படித்தவர்களாக இக்கதையை அணுகும்போது ஒன்று நம்மை உறுத்துகிறது. தில்லையின் வழக்காறு எள்ளளவும் மாறவில்லை. மாறியது நந்தனின் உடல். (பெரியபுராணத்தில் கொடுமைக்காரப் பண்ணையார் எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் 'நந்தன் சரித்திரம்' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியே அவரைச் சேர்த்தார். பண்ணையடிமை வாழ்வின் உண்மை அந்தச் சேர்க்கையில்தான் கூடுதலாகத் தெரிகிறது.) அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவிச் சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். நந்தனின் பெயரை நெருப்பிலிருந்து எடுத்துக் கரும்பலகையில் எழுதிய செயல் அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்கள் இந்த வழக்காற்றுக்குச் சட்டத்தின் காவலையும் அளித்தன. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். சேதுபதி தரப்பு வழக்குத் தொடுத்தது; தீட்டுக் கழிக்கும் சடங்குச் செலவுக்கும் ஈடு கேட்டது. கீழ்நீதிமன்றம் முதல் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை நாடார்கள் தோற்றனர். 'இவர்கள் நுழைந்த வழக்கம் இல்லை' என்பதே அவர்கள் நுழையக் கூடாது என்பதற்கான சான்றாக ஏற்கப்பட்டது. தடுத்தவனின் தடையே அவனுக்கு உரிமை மூலமாக ஆகியது.

இந்தக் கட்டை அவிழ்க்கச் சட்டமன்றம் தேவைப்பட்டது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதா ராஜாஜி அரசின் எதிர்ப்பால் தோற்கடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 1939 சூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றனர். அழைத்துச் சென்றவர்களைக் காப்பதற்கு அதே அரசு விரைந்து சட்டம் இயற்றியது. பாடநூல்கள் மதுரையைச் சொல்கின்றன. ராஜாவின் மசோதாவைச் சொல்வதில்லை. தலித் ஒருவர் உரிமையாகக் கேட்டபோது மறுக்கப்பட்டது, பிறர் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது வழங்கப்பட்டது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

1947ஆம் ஆண்டின் சென்னைக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம்தான் உண்மையான திருப்பம். வழக்காறு எதுவாயினும், விலக்கப்பட்ட சாதியினர் எந்த இந்துக் கோயிலிலும் நுழைந்து, பிற இந்துக்களுக்கு உள்ள 'அதே முறையிலும் அதே அளவிலும்' வழிபடலாம் என்றது அது. இந்தச் சொற்களே 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்திலும் இடம்பெற்றன. 1976 முதல் அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். வாசலைத் தாண்ட விடுவது சட்டத்தின் அளவுகோல் அன்று. பக்கத்தில் நிற்கும் மற்றொரு பக்தரே அளவுகோல். அவர் எந்தப் படி வரை செல்கிறாரோ, எந்தக் குளத்தில் மூழ்குகிறாரோ, அதுவரை நமக்கும் உரிமை உண்டு. தனியார் கோயில் என்ற வாதமும் எடுபடாது. உடைமையாளர் பொது வழிபாட்டுக்கு விட்டிருந்தால் அதுவும் பொது வழிபாட்டிடமே.

இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. முல்கி வேங்கடரமணர் கோயிலைக் கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் தங்கள் சமயப்பிரிவின் கோயில் என்று வாதிட்டபோது, உச்ச நீதிமன்றம் 1957இல் அதை ஏற்றது. ஆயினும் அரசமைப்பின் 26(பி) தரும் சமயப்பிரிவு உரிமை, 25(2)(பி)யின் கோயில் திறப்பு அதிகாரத்துக்கு உட்பட்டதே என்றும் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட சில சடங்குகளை மட்டும் தமக்குள் வைத்துக்கொள்ளலாம். மக்களை முற்றாக விலக்க முடியாது. அர்ச்சகர் தவிர எவரும் செல்லாத கருவறைக்குள் செல்ல எந்தப் பக்தரும் இந்த உரிமையைக் காட்டிக் கேட்க இயலாது.

சிதம்பரத்தின் அண்மைக்காலச் சிக்கல் இங்குதான் வருகிறது. 2022 பிப்ரவரியில் கனகசபை மீது ஏறி வழிபட முயன்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர், தாம் தடுத்துத் தாக்கப்பட்டதாகப் புகார் அளித்தார். தீட்சிதர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. 2022 மே 17 அன்று கனகசபையில் நின்று வழிபட அனைவரையும் அனுமதித்து அரசாணை வந்தது. இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு, 'தடை எல்லாருக்கும்தான்' என்று சொல்லும். அது உண்மையானால் தீண்டாமைக் குற்றம் நிற்காது. அந்த நேரத்தில் அங்கு வேறு எவரேனும் ஏற்றப்பட்டிருந்தால் நிற்கும். ஆகவே தடுக்கப்பட்டவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, தமக்கு முன்னும் பின்னும் அனுமதிக்கப்பட்டவர் யார் என்பதையே. நேரம், உடன் இருந்தவர்கள், பேசப்பட்ட சொற்கள் எல்லாம் அதற்கு அடுத்தவை.

பெருங்கோயில்களில் கேள்வி எந்தப் படி வரை என்பது. ஊர்க் கோயில்களில் இன்னமும் வாசலே கேள்வி. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரலில் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். சூன் 7 அன்று வருவாய்த் துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. 2024 மார்ச்சில் அர்ச்சகர் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. தலித்துகள் காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே சென்றது 2025 ஏப்ரலில். முத்திரையிடப் பயன்பட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு. நிலமோ நீரோ யார் அனுபவத்தில் உள்ளது என்று இரு தரப்பு மோதும்போது அமைதி காப்பதற்கான பிரிவு அது. அதைக் கோயில் நுழைவுக்குப் பொருத்தியதும், அடித்தவரும் அடிபட்டவரும் சமமான 'இரு தரப்பினர்' ஆகிவிடுகின்றனர். நம் பார்வையில், பூட்டிய கோயில் நடுநிலை ஆகாது. உள்ளே விடாதே என்று கேட்டவரின் கோரிக்கை அரசின் பூட்டினாலேயே நிறைவேறிவிடுகிறது.

புகார் நிலையிலும் இதுவே நடக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, திருவிழா முடியட்டும் என்ற அறிவுரை, பிறகு சாதாரணக் கைகலப்பு வழக்கு. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தருவது ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு வழிபாட்டிடத்தில் நுழைவதையும் சமய ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது. தேர் ஊர்வலமும் இதில் அடங்கும் என்பதே நமது வாதம். 18ஆம் பிரிவு முன்பிணையைத் தடுக்கிறது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. 'விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்று நிலைய அலுவலர் சொன்னால் இந்தப் பிரிவை எழுத்தில் சுட்ட வேண்டும்.

மெய்ப்பிக்கும் சுமை குறித்து ஒரு சொல். தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், தீண்டாமையின் அடிப்படையில்தான் தடுக்கப்பட்டார் என்று நீதிமன்றம் ஊகித்தாக வேண்டும் என்கிறது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. இல்லை என்று காட்ட வேண்டியவர் எதிரி. எனவே புகாரில் இரு சட்டங்களின் பிரிவுகளையும் சேர்த்தே எழுதுமாறு நாங்கள் கூறிவருகிறோம். பதிவு செய்ய மறுத்த அலுவலரின் பெயரும் பதவியும் அம்மனுவிலேயே இருக்கட்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் அல்லாதவராயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது.