அறுபதுக்கு முன்னே வரும் மறதி நோய்

டிமென்ஷியாவைத் தமிழில் 'முதுமை மறதி' என்கிறோம். வயசானவங்களுக்கு மட்டுமே வருவது என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வரலாறு வேறு மாதிரி.

1901-ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்தே டேட்டர் என்ற பெண்மணிக்கு வயது 51. 1906-ல் அந்த அம்மாள் காலமானதும், டாக்டர் அலோயிஸ் அல்சைமர் அவர் மூளையை ஆராய்ந்து, அதே நவம்பரில் மருத்துவர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். 1910-ல் பேராசிரியர் க்ரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு 'அல்சைமர் நோய்' என்று பெயரிட்டார். பல பத்தாண்டுகள் அந்தப் பெயர் நடுவயதினர் நோயைத்தான் குறித்தது. முதியோருக்கு வருவதும் அதே நோய் என்று 1976-ல் ராபர்ட் கேட்ஸ்மன் வாதிட்டார். அதற்கப்புறம் கவனமெல்லாம் முதியோர் பக்கம் திரும்பிவிட்டது.

நம் நாட்டிலும் எல்லாம் அறுபதில்தான் ஆரம்பம். 2007-ன் மூத்த குடிமக்கள் சட்டமும், 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் மருத்துவத் திட்டமும் அப்படியே. 2023-ல் வெளியான ஆய்வு 88 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது; அதுவும் அறுபது நிறைந்தவர்களை மட்டும். ஐம்பது வயதுக்காரர் எந்தப் பேரேட்டிலும் இல்லை!

நம்ம கல்கத்தாவில் ஐம்பது வயசுக் கடைக்காரருக்குக் கணக்கு தப்பினால், குடிக்கிறார், பணத்தை ஒளிக்கிறார் அப்படின்னுதான் பேச்சு வரும். மூளையின் முன்பகுதி தேயும் வகையில் மறதிக்கு முன்பே குணம் மாறிவிடும். பிள்ளைகள் படிப்பும் கடன் தவணையும் பாக்கியிருக்கும் வயசு அது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கக்கூடாது என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம். கடை முதலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் அந்தக் காப்பு கிடையாது.

ஆகவே சந்தேகம் வந்தால் தாமதிக்கக் கூடாது. எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பாங்கூர் நரம்பியல் நிலையத்தில் காட்டலாம். தைராய்டு கோளாறாலும் பி12 குறைவாலும்கூட மறதி வரும். மருந்தில் சரிசெய்ய வாய்ப்புண்டு. சைவ உணவுக்காரர்கள் பி12 பரிசோதனையை விடக்கூடாது. 1992-ல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குக் கல்கத்தாவிலும் கிளை உண்டு. குடும்பத்தார் அங்கே ஆலோசனை கேட்கலாம். கடைப் பத்திரம், பேங்க் கையெழுத்து, உயில் எல்லாவற்றையும் புத்தி தெளிவாயிருக்கும்போதே ஒழுங்குபடுத்த வேண்டும்.

நம் சங்கத்தார் முதலில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'முதுமை'யை விட்டுவிட்டு 'மறதி நோய்' என்றே சொல்லிப் பழகுவோம். ஐம்பதில் தடுமாறும் மனிதரை, கெட்டுப்போனவர் என்று ஒதுக்காமல் நோயாளி என்று ஆதரிக்க அது வழிசெய்யும்.